பதினாறு ஸ்க்ரூ

"செத்துப்போன வண்டியை ஓட்டிட்டு வந்திருக்கீங்களே சார்."

"வாசல்லதான் நிக்குது, எட்டிப் பாருங்க. செத்த வண்டி இப்படிப் புகை விடுமா?"

வாகனப் பதிவு அலுவலக எழுத்தர் சிரிக்கவில்லை. வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த படியை மேசையில் விரித்தார்.

"இந்த சேஸிஸ் எட்டு வருஷத்துக்கு முன்னாலயே பழைய இரும்புக்குப் போயாச்சுன்னு பதிவேட்டுல இருக்கு. மாட்டியிருக்கற நம்பரோ வேற ஒருத்தரோடது."

"என் மச்சானோடது."

"அப்ப நம்பர் எப்ப, எப்படி மாறுச்சுன்னு அவர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா வண்டியை எடுத்துட்டுப் போய் நசுக்கிடுவாங்க."

புகை என்று ஊரே கூப்பிடும் அந்த மனிதர் வண்டியை நேராக மச்சான் வீட்டுக்கு விட்டார்.

முப்பத்தாறு வருடங்களுக்கு முன் அவரும் மனைவியின் அண்ணனும் ஒரே நாளில், அச்சில் வார்த்தது போல இரண்டு சிவப்புக் கார்கள் வாங்கினார்கள். இருவரும் பெயர் கொடுத்திருந்த கார் பந்தயத்தன்று காலையில்தான் புகையின் வண்டிக்குத் தகுதிச் சான்று காலாவதியானது தெரிந்தது. மச்சானுக்கோ கால் சுளுக்கு. வேறு வண்டியில் புகைக்குக் கை ஓடாது. வாசலில் நம்பரை மட்டும்தான் பார்ப்பார்கள். மரத்தடியில் இரண்டு பேருமாகப் பதினாறு ஸ்க்ரூவைக் கழற்றி நம்பர் பலகைகளை மாற்றி மாட்டினார்கள். மச்சானின் நம்பரில், மச்சானின் பெயரில் ஹெல்மெட்டோடு உள்ளே போன புகை ஜெயித்துத் தொலைத்தார். பெயரை வாசித்ததும் மச்சான் நொண்டிக்கொண்டே மேடையேறினார். காலில் அடிபட்டும் விடாத வீரன் என்று கூட்டம் கைதட்டித் தீர்த்தது.

"எங்கண்ணன் ஒரு தடவை ஜெயிச்ச மாதிரி இருந்துட்டுப் போகட்டுமே," என்றாள் மனைவி.

பேச்சு அடங்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டதில் ஸ்க்ரூக்கள் துருவேறிப் போயின. எட்டு வருடங்களுக்கு முன் மச்சான் தன் வண்டியை இரும்புக்குப் போட்டார். அதில் இருந்ததோ புகையின் நம்பர். காகிதத்தில் செத்தது புகையின் வண்டி.

மச்சான் வீட்டு முன்னறையில் பழைய கார் சங்கத்துக்காரர்கள் மூன்று பேர் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"கடைசி வளைவுல பிரேக் பெடல் தரையோட போயிடுச்சு. கியரைக் குறைச்சுக் குறைச்சேதான் பிடிச்சேன். சைலன்சர் சூடு காலைப் பொசுக்குது, நான் விடல."

புகை குனிந்து தன் வலது கணுக்காலைப் பார்த்துக்கொண்டார். அங்கிருந்த சூட்டுத் தழும்பை மட்டும்தான் மச்சான் விட்டுவைத்திருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை! இவர்தாங்க அன்னைக்கு எனக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுத்தவர்."

மூன்று பேரும் மரியாதைக்குச் சிரித்துவிட்டுக் கிளம்பினார்கள். புகை விஷயத்தைச் சொன்னார். மச்சானின் பார்வை அலமாரியில் இருந்த பந்தயக் கோப்பைக்குப் போனது.

"ஞாயித்துக்கிழமை சங்கத்து கார் ஊர்வலத்துக்கு நான்தான் கொடியசைக்கறேன் மாப்பிள்ளை. பேரப்பசங்க எல்லாம் வராங்க. இப்பப் போய் மாத்தினோம், கீத்தினோம்னு..."

"உங்க மானத்தை வாங்க வரல."

புகை சட்டைப் பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்து மச்சானின் முன்னால் வைத்தார்.

"பந்தயத்துக்கு மறுநாள் மாத்தினோம்னு எழுதுங்க மச்சான். ஜெயிச்சது உங்க வண்டி, ஓட்டினதும் நீங்கதான். என் வண்டி எந்தப் பந்தயத்துக்கும் போனதே இல்ல. அவ்வளவு மட்டும் எழுதிக் குடுங்க."