துடைத்து வாங்கிய சீட்டு

ஒழுகினால் அடைக்க வேண்டும். அடைக்காமல் துடைத்துவிடுகிறவனை நான் மனுஷக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவன் என் மனைவி கூடப் பிறந்த தம்பியாக இருந்தாலும் சரி.

எங்கள் வேன் பழசு. பின்னால் ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, முகம் கழுவ ஒரு தொட்டி. இடுப்பு எலும்பு தேய்ந்ததிலிருந்து என் மனைவியால் பஸ்ஸிலோ ரயிலிலோ உட்கார முடியாது. படுத்துக்கொண்டு போக இது ஒன்றுதான் கதி. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மகளுக்கு முதல் பிரசவம். வலி எடுக்கும்போது பக்கத்தில் இருப்பேன் என்று இவள் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். வண்டி தகுதிச் சோதனையில் தேறி, சீட்டு வந்தால்தான் கிளம்ப முடியும்.

முன் சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் கிரீஸ் தெறித்துக் கிடந்தது. சக்கரத்தோடு ஆக்சில் சேருகிற மூட்டின் மேல் இருக்கிற ரப்பர் உறை கிழிந்திருந்தது. கிரீஸ் வெளியே போனால் மண் உள்ளே போகும். மண் போனால் மூட்டு தேயும். மலை வளைவில் அது விட்டுப்போனால் சங்குதான். மைத்துனன் பட்டறை வைத்திருக்கிறான், அவனிடம் விட்டேன். மறுநாள் அவனே சோதனைக்குக் கொண்டுபோய், பாஸ் சீட்டோடு பல்லெல்லாம் தெரிய வந்து நின்றான்.

எனக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. குனிந்தேன். மண்ணெண்ணெய் வாடை அடித்தது. உறை பளபளவென்று இருந்தது. விரலால் அழுத்தினேன். கறுப்புப் பசைக்கு அடியில் அதே கிழிசல் வாயைப் பிளந்தது.

"டேய், மாத்தலையா நீ?"

"இந்தப் பழைய வண்டிக்கு உறை இங்க கிடைக்கல மாமா. வர்றதுக்கு நாளாகும். நல்லாத் துடைச்சு பசை போட்டிருக்கேன். போயிட்டு வந்து மாத்திக்கலாம்."

"துடைச்சா சரியாப் போறதுக்கு அது என்ன மூக்காடா? பின்னாடி படுத்துக்கிட்டு வரப்போறது உங்கக்காடா!"

"அப்படிச் செய்யச் சொன்னதே அக்காதான்."

திரும்பினேன். அவள் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா, நான்தான் சொன்னேன். நீங்க ஒரு ஆணியைக் கழட்டினா பத்து நாள் சந்தேகப்படுவீங்க. அதுக்குள்ள புள்ள பொறந்து பள்ளிக்கூடத்துக்கே போயிடும்."

அக்காளும் தம்பியும் கூட்டு! ரத்தம் உச்சிக்கு ஏறியது. வண்டியை எடுத்தவன் நேரே சோதனை நிலையத்தில் போய்த்தான் நிறுத்தினேன். சீட்டை மேசைமேல் போட்டேன்.

"இதை ரத்து பண்ணுங்க."

சோதனைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "பெரியவரே, ஃபெயில் போட்டா சண்டைக்கு வருவாங்க. பாஸ் போட்டதுக்கு இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல."

"கீழ படுத்துப் பாத்தீங்களா, இல்ல வண்டி வாசல்ல வந்ததும் முத்திரையைக் குத்திட்டீங்களா?"

அப்புறம்தான் படுத்துப் பார்த்தார். எழுந்து ஃபெயில் போட்டார்.

உறை வந்து சேர நாளானது. ஆக்சிலை உருவி, மூட்டைக் கழுவி, புது கிரீஸ் அடைத்து, கிளிப்பை இறுக்கும்வரை மைத்துனன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். பழைய கிரீஸில் மண் நறநறவென்றது.

"பாத்தியாடா?"

"இதோடயே இன்னும் ரெண்டு மலை ஏறியிருக்கும் மாமா" என்றான். எவன் கண்டான்?

மறுபடி சோதித்து, சீட்டு வாங்கிக் கிளம்பினோம். மலை இறங்கும்போதே மருமகனிடமிருந்து போன் வந்துவிட்டது. பெண் குழந்தையாம், இருவரும் நலமாம். இவள் படுத்தபடியே அதைக் கேட்டுக்கொண்டாள்.

போய்ச் சேர்ந்ததும் பேத்தியை வாங்கிக்கொண்டவள் என் கையில் தரவே இல்லை.

"ஒரு தடவை குடேன்."

"ஏம்மா வரலைன்னு அவ கேக்கறா. நீங்களே பதில் சொல்லிட்டு வாங்கிக்குங்க."

மகள் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "உங்கம்மா உயிரோட வந்து சேரணும்னுதான் நிறுத்தினேன்" என்றேன்.

"நான் அம்மான்னு கத்தினது உங்களுக்குக் கேட்டிருந்தா இப்படிப் பேச மாட்டீங்கப்பா."

கேட்கவில்லைதான். எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் அந்தச் சீட்டை இன்னொரு தடவை என் கையில் கொடுத்தாலும் கொண்டுபோய் அதே மேசையில்தான் போடுவேன். இதை அவர்கள் இரண்டு பேரிடமும் சொன்னேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. நானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அழுகிற பிள்ளையை எவ்வளவு நேரம்தான் ஒருத்தியே தூக்கி வைத்திருப்பாள்? கை வலிக்காதா? பார்க்கிறேன்.