மஞ்சள் துணி தொங்காத கதவு

எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் நவோகி என்றொரு பையன் இருக்கிறான். கல்லூரியை விட்டுவிட்டு வந்தவன் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அதற்கப்புறம் ஜப்பானுக்குப் பேரரசரே மாறிவிட்டார். அவன் வெளியே வரவில்லை. அவன் அம்மா குராமொச்சி எங்களிடம் சொல்லிவைத்திருப்பது வேறு. மகன் வடக்கே ஹொக்கைடோ தீவில் பால் பண்ணையில் வேலை பார்க்கிறானாம். அவன் அனுப்பியதென்று அவ்வப்போது சீஸ் கொண்டுவந்து தருவாள். அதில் எங்கள் தெருமுனைக் கடையின் 'பாதி விலை' ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். நாங்கள் ஸ்டிக்கரையும் சேர்த்து விழுங்கிவிட்டு, "ஹொக்கைடோ பசுன்னா பசுதான்" என்போம். மேலே அவன் தும்மினால் எழுபது வீட்டிலும் டிவி சத்தத்தைக் கூட்டுவோம்.

செப்டம்பர் முதல் தேதி பூகம்ப ஒத்திகை. வீட்டில் எல்லாரும் நலம் என்றால் வெளிக்கதவில் மஞ்சள் துணியைத் தொங்கவிட்டு மைதானத்துக்கு இறங்க வேண்டும். துணி இல்லாத வீட்டில் ஆள் சிக்கியிருப்பதாகக் கணக்கு, ஸ்ட்ரெச்சர் போகும். எந்த வருடமும் மறக்காத குராமொச்சி அம்மா இந்த வருடம் மறந்துவிட்டாள்.

குடியிருப்போர் சங்கத்தின் புதுத் தலைவர் தாதெவாகி, ஓய்வுபெற்ற தீயணைப்புக்காரர். சமீபத்தில் குடிவந்தவர் என்பதால் ஊரறிந்த ரகசியம் அவருக்கு மட்டும் தெரியாது. கையில் மெகாஃபோன் வேறு. அவர் சும்மா இருமினாலே டோக்கியோவில் ரயில் நின்றுவிடும்.

"முன்னூத்தி ஆறுல துணி இல்ல. ஸ்ட்ரெச்சரை எடுங்க."

குராமொச்சி அம்மாவின் முகம் வெளுத்தது. "உள்ள யாரும் இல்லைங்க தலைவரே. துணி போட மறந்துட்டேன்."

"நிஜப் பூகம்பத்துக்கு இந்தச் சமாதானமெல்லாம் புரியுமாம்மா? ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறோம்."

சொல்லிக்கொண்டே கட்டடத்தின் சாவிக்கொத்தை எடுத்தார். அவள் பொய் உடைந்தால் உடையட்டும். பையனைப் போர்வையில் கட்டி ஊர் நடுவே சுமந்து வந்தால், அப்புறம் அவன் சுவருக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்வான்.

ஸ்ட்ரெச்சரின் முன்பிடி என் கையில் இருந்தது. படிக்குப் படி முட்டி வலி என்று உட்கார்ந்தேன்.

"பெரியவரே, உங்களையே இதுல படுக்க வச்சுத் தூக்கிடுவேன்."

"தாராளமா. ஆனா கீழ தூக்கிட்டுப் போங்க."

அவர் மசியவில்லை. பாதிக் குடியிருப்பு பின்னால் ஏறி வந்தது. சாவி துவாரத்தை நெருங்கிய நேரம், கதவு சாண் அகலம் திறந்தது. ஒரு கை வெளியே வந்து, கைப்பிடியில் மஞ்சள் துணியை மாட்டிவிட்டு உள்ளே போனது. கதவு மூடிக்கொண்டது.

"ஆள் இருக்கு" என்றார் தலைவர்.

"காத்துங்க" என்றேன்.

"ஆமா, காத்துதான்" என்று பின்னால் இருந்தவர்கள் ஒத்து ஊதினார்கள்.

"காத்துக்கு அஞ்சு விரல் இருக்குமாய்யா?"

"இந்தப் பக்கம் கடல் காத்துங்க. அப்படித்தான் அடிக்கும்."

குராமொச்சி அம்மா முன்னால் வந்தாள். "காத்து இல்ல. என் பையன். இவ்வளவு நாளும் இங்கதான் இருக்கான்."

நாங்கள் எல்லாரும் அதிர்ச்சியடைய வேண்டியதாயிற்று. என் மனைவி ஃபுசாயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். அவள் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே நடிப்பாள்.

தலைவர் கதவைத் தட்டினார். "தம்பி, கீழ வந்து எல்லாரோடயும் நில்லு. தலை எண்ணணும்."

உள்ளிருந்து கரகரத்த குரல் வந்தது. "துணி போட்டாச்சு. துணி இருந்தா அடுத்த வீட்டுக்குப் போகணும்னு நோட்டீஸ்ல போட்டது நீங்கதானே?"

தலைவர் யோசித்தார். விதி விதிதான். மஞ்சள் துணிக்கு முன்னால் இடுப்புவரை குனிந்தார். "தொந்தரவுக்கு மன்னிக்கணும்."

"பரவாயில்ல. அந்த மெகாஃபோனை மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சுக்குங்க."

இறங்கும்போது குராமொச்சி அம்மா ஒவ்வொருவர் கையாகப் பிடித்தாள். "கேட்டீங்களா? தலைவரையே விடலையே அவன்."

எல்லாரும் எங்கள் காதாலேயே கேட்டிருந்தோம். ஆனாலும் ஒவ்வொருவரும், "அப்படியா, என்ன சொன்னான்?" என்றோம். அவள் முதலிலிருந்து சொன்னாள். மைதானத்துக்கு வந்து சேர்வதற்குள், அவள் கதையில் அவன் தலைவரை அரைமணி நேரம் நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருந்தான்.