வாசலில் நின்ற வண்டி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு பாட்டு வேண்டியிருந்தது. அதன் பெயர் அவருக்குத் தெரியாது. எந்த ராகம், எந்தத் தாளம், எந்தச் சொல்லில் தொடங்கும் என்பதும் தெரியாது. அவருடைய மனைவி கச்சேரி முடிந்து வெளியே வந்து வண்டியில் ஏறியதும், வாயை மூடியபடியே முணுமுணுக்கும் பாட்டு அது. இருபத்தாறு ஆண்டுகள் அதைக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டியவர், "இது என்ன பாட்டு?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கலாம் என்றால், பதில் சொல்ல வேண்டியவள் போய்ப் பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன.

இத்தனைக்கும் அவர் காது கூர்மையானது. மூன்றாவது மாடியில் நிற்கும் லிஃப்டின் முனகலைத் தரைத்தளத்திலிருந்தே கேட்டு, "பேரிங் போகப்போகுது, இன்னும் ரெண்டு மாசம் தாங்கும்" என்று சொல்லிவிடுவார். அதுவும் சொல்லிவைத்தாற்போல இரண்டு மாதமே தாங்கும். ஆனால் பாட்டு என்று வந்துவிட்டால் அவருடைய காதும் வாயும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள். மனத்துக்குள் மனைவியின் குரலில் ஒழுங்காக ஓடுவது, உதட்டுக்கு வந்ததும் வேறு எதுவாகவோ ஆகிவிடும்.

மகள் ஒரு நாள் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதுல பாடுங்கப்பா. என்ன பாட்டுன்னு அதுவே கண்டுபிடிச்சுச் சொல்லிடும்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முணுமுணுத்தார். கைப்பேசி சற்று யோசித்துவிட்டு ஒரு சலவைத்தூள் விளம்பரத்தைக் காட்டியது. மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றாள். இரண்டாம் தடவை, குழந்தைகள் பாடும் ரயில் பாட்டு ஒன்று வந்தது.

"முன்னேற்றம்தான்ப்பா. பாட்டு வரைக்கும் வந்துட்டோம்."

அவரும் சிரித்தார். ஆனால் மூன்றாம் தடவைக்கு வாயைத் திறக்கவில்லை.

"வேணாம்மா. நான் தப்பாப் பாடப் பாட, உள்ள சரியா இருக்கறதும் தேஞ்சு போற மாதிரி இருக்கு."

அவருடைய பயம் அதுதான். மனத்துக்குள் ஓடும் அந்தக் குரல் சென்ற ஆண்டு இருந்த அளவுக்கு இப்போது இல்லை. சில நாள்களில் நடுவில் ஓரிடம் அறுந்துபோய், அதற்கு அப்பால் என்ன என்று தெரியாமல் நின்றுவிடுகிறது. முழுவதும் மறந்துபோவதற்குள் அதை ஒரு முறை, சரியாகப் பாடத் தெரிந்த ஒருவர் வாயால் கேட்டுவிட வேண்டும்.

அவருடைய மனைவி பல் மருத்துவமனை ஒன்றில், வருகிறவர்களுக்கு நாளும் நேரமும் குறித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். அங்கிருந்த பல் டாக்டரம்மாதான் கச்சேரிக்குத் துணை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு அவர் மனைவியை அரங்கத்தின் வாசலில் இறக்கிவிடுவார். பிறகு மரநிழல் ஒன்றில் வண்டியை நிறுத்தி, சாவிகளையும் திருப்புளிகளையும் துடைத்து அடுக்குவார், சிறிது தூங்குவார். கச்சேரி முடியக் கால் மணி இருக்கும்போது, கூட்டம் கலைந்து வழியை அடைத்துக்கொள்வதற்கு முன்பே வண்டியை வாசலுக்கு நேரே கொண்டுவந்து, இடப்பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். அந்தக் கதவு வெளியிலிருந்து திறந்தால்தான் திறக்கும். உள்ளிருந்து இழுத்தால் அசையாது.

"ஊர்ல இருக்கற கதவையெல்லாம் சரிபண்றீங்க. இந்த ஒண்ணுக்கு மட்டும் என்னங்க குறை?" என்பாள்.

"பாக்கறேன், பாக்கறேன்" என்பார். இருபத்தாறு ஆண்டும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

உள்ளே வந்து உட்காரச் சொல்லி அவள் பலமுறை கூப்பிட்டதுண்டு. அவர் மறுக்கும்போதெல்லாம் ஒரு கதை சொல்வாள்.

"ஒரு அரண்மனையில ஒரு கதவு இருந்துச்சாம். நூறு வருஷமா விருந்துக்கு வர்றவங்களை உள்ள விடும், வெளிய விடும். ஒரு நாள் ராஜாவே வந்து, 'உள்ள என்னதான் விருந்துன்னு பாக்கணும்னு உனக்குத் தோணவே இல்லையா?'ன்னு கேட்டாராம். 'நான் உள்ள வந்துட்டா, அப்புறம் எல்லாரும் வீட்டுக்குப் போறது எப்படி?'ன்னுச்சாம் கதவு."

"சரியாத்தானே சொல்லியிருக்கு?"

"சரிதான். ஆனா ராஜா அன்னிக்கு விருந்தை விட்டுட்டு, ரொம்ப நேரம் கதவுகிட்டயே நின்னாராம்."

வண்டியில் ஏறியதிலிருந்து மூன்றாவது சிக்னல் வரை அந்த முணுமுணுப்பு. அங்கே சிவப்பு விளக்கு அவர்களுக்காகவே காத்திருந்தாற்போல எரியும். அப்போது நிறுத்திவிட்டு, "இன்னைக்கு வயலின் பிரமாதம்" என்று பேச்சைத் தொடங்குவாள். யார் வாசித்தாலும் முதலில் வயலின்தான். "எனக்கு என்ன தெரியும்? நீ சொன்னாச் சரி" என்பார் அவர்.

அவள் போன பிறகுதான் அவர் உள்ளே போகத் தொடங்கினார். மூன்றாம் வரிசையில் ஓர நாற்காலி, அவள் வழக்கமாக உட்காரும் இடம். டாக்டரம்மா தம் குடையை அதன்மேல் வைத்து இடம் பிடித்திருப்பார்.

"அந்தப் பாட்டு எப்படி இருக்கும்? சோகமா, சந்தோஷமா?" என்று முதல் நாளே விசாரித்தார் டாக்டரம்மா.

"ரெண்டும் இல்லீங்க. வேலை முடிஞ்சு டூல்ஸை எல்லாம் உள்ள வச்சுப் பெட்டியை மூடுவோமே, அந்த மாதிரி."

"நல்லா இருக்கு! எங்கயோ வலிக்குதுன்னு சொல்லிட்டு வர்ற பேஷண்ட் மாதிரி பேசறீங்க. நான் எந்தப் பல்லைன்னு பிடுங்கறது?"

பாடகருக்குத் துண்டுச்சீட்டு எழுதி அனுப்பி, விருப்பமான பாட்டைக் கேட்கும் வழக்கம் அந்த அரங்கில் உண்டு. அவரும் ஒரு சீட்டு எழுதினார்: 'ஐயா, என் மனைவி வீட்டுக்குப் போகும்போது முணுமுணுத்த பாட்டைப் பாட வேண்டுகிறேன்.' டாக்டரம்மா அதைப் படித்தார். நான்காக மடித்துத் தம் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு நோட்டுப் புத்தகங்களில் தேடினார்கள். கச்சேரியில் புதிதாகக் கேட்ட ஒவ்வொரு பாட்டையும், ராகத்தோடும் தாளத்தோடும் வரிசையாக எழுதி வைப்பது அவளுடைய பழக்கம். அப்படி மூன்று நோட்டுகள் நிரம்பியிருந்தன. நாளுக்கு நான்கு பாட்டு என்று மகள் கைப்பேசியில் தேடிக் கொடுக்க, வேலைக்குப் போகும் வழியில் அவர் கேட்டார். கேட்டதை எல்லாம் பென்சிலால் அடித்தார். முதல் நோட்டில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது நோட்டின் கடைசிப் பாட்டையும் அடித்த அன்று, லிஃப்டின் மேல் கூரையில் உட்கார்ந்துகொண்டு வெகுநேரம் கீழே வராமலிருந்தார். அப்படி ஒரு பாட்டே இல்லையோ? அவள் குரல் என்று தாம் வைத்திருப்பது தாமாகக் கட்டிக்கொண்டதோ?

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை. மிருதங்கம் தனியாக வாசித்து முடித்து, பாதிக் கூட்டம் காலாற வெளியே போய்த் திரும்பி, சின்னச் சின்னப் பாட்டுகள் தொடங்கியதும் அவருடைய கண் மேடையிலிருந்து கடிகாரத்துக்குப் போகும். முடியக் கால் மணி என்றதும் கால்கள் தாமாகவே எழுந்துகொள்ளும். வண்டியை வாசலுக்குக் கொண்டுவருவார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து அவரைத் தாண்டிப் போகும். கடைசி ஆளும் போய், காவலாளி கம்பிக்கதவை இழுக்கத் தொடங்கும்போதுதான், யாருக்காக நிற்கிறோம் என்பது அவருக்கு உறைக்கும். கதவைச் சாத்திவிட்டு, சுற்றிவந்து ஏறுவார். ஏழு மாதமாக ஒரு வாரமும் இது மாறவில்லை. நெரிசலுக்கு முன் கிளம்புகிற மனிதர் என்று டாக்டரம்மா எண்ணியிருந்தார். அப்படிக் கிளம்புகிறவர்கள் எல்லாக் கச்சேரியிலும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்கு அலமாரி ஒன்றை ஏற்றிப்போக வண்டி தேவைப்பட்டது. அவளே அவரை அரங்கத்தில் இறக்கிவிட்டாள்.

"முடிஞ்சதும் வாசல்ல வந்து நிக்கறேன். நீங்க பாட்டுக்கு நடந்து போயிடாதீங்க."

அன்று பாடியவர் நடுவயதுப் பெண்மணி. கனத்த, அவசரமில்லாத குரல். அவர் ஒரு ராகத்தை விரிக்கத் தொடங்கியபோது மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். ராகம் விளங்கவில்லை. ஆனால் அந்தக் குரல் மேலே போவதும், ஓரிடத்தில் நின்று மூச்சு வாங்குவதும், அங்கிருந்து குலுங்காமல் இறங்குவதும் அவருக்கு நன்றாகவே விளங்கின. 'நல்ல கயிறு' என்று நினைத்துக்கொண்டார்.

முடியக் கால் மணி. கால்கள் எழுந்தன. கை சட்டைப்பையைத் தடவியது. சாவி இல்லை. மகளிடம் இருக்கிறது என்பது நினைவுக்கு வர ஒரு கணம் பிடித்தது. எழுந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தார்.

"என்ன, இன்னைக்கு உக்காந்துட்டீங்க?" என்றார் டாக்டரம்மா.

"வண்டி இல்லீங்க."

இரண்டு சின்னப் பாட்டுகள் ஆயின. பாடகி தம்பூரா பக்கம் திரும்பித் தலையசைத்தார். கைகளைக் கூப்பினார். அந்தக் கணத்திலேயே அரங்கம் எழுந்துகொண்டது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. பைகள் தோளேறின. யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தச் சந்தடிக்கு நடுவில் பாடகி ஏதோ பாடத் தொடங்கியிருந்தார். முதல் அடி மெக்கானிக்குக்குப் புதியது. முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று மேடையை மறைத்துக்கொண்டார்.

இரண்டாம் அடி வந்தது.

மூன்றாவது சிக்னலுக்குப் போகும் சாலை அப்படியே அந்த அடியில் இருந்தது. திருப்பத்தில் அவள் மூச்சு வாங்கும் இடம் இருந்தது. அறுந்துபோய்விட்டது என்று நினைத்த இடத்துக்கு அப்பாலும் அது தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது.

"எழுந்திருங்க, அப்புறம் கூட்டத்துல மாட்டிப்போம்" என்று குடையைத் தேடிக் குனிந்திருந்த டாக்டரம்மா சொன்னார்.

மெக்கானிக் அந்தக் குடையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரம்மா. இதுதான்."

"எது?"

"இது. இப்பப் பாடறது."

"இது மங்களம்ங்க. இது பாட்டே..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். மெல்ல நாற்காலியில் அமர்ந்தார்.

"சார், கொஞ்சம் காலை நகர்த்துங்க, போகணும்" என்றது பக்கத்தில் ஒரு குரல். அவர் நகர்த்தவில்லை. அந்த மனிதர் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு வேறு வழியாகப் போனார்.

இரண்டு நிமிடம்கூட இல்லை. முடிந்துவிட்டது. பாதிக்கு மேல் நாற்காலிச் சத்தத்தில் அமிழ்ந்துபோயிற்று. மேடையில் வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

"கச்சேரி முடியும்போது எல்லாரும் பாடறது" என்றார் டாக்டரம்மா தாழ்ந்த குரலில். "எப்பவும் இதேதான். அதனால நோட்டுல யாரும் எழுத மாட்டோம். இதைப் பாட்டுன்னே நாங்க நினைக்கறதில்லை. நீங்க தேடறதா எனக்கும் தோணவே இல்லையே."

"அவ... இதுக்கு எழுந்துப்பாளா?"

"மாட்டா. எல்லாரும் தள்ளிக்கிட்டுப் போவோம், அவ மட்டும் முடியற வரைக்கும் உக்காந்திருப்பா. 'வாயேன், கூட்டம்'னா, 'இரு, வெளியில ஒருத்தர் நிக்கறார். உள்ள கூப்பிட்டா வர மாட்டார். கொஞ்சம் எடுத்துட்டுப் போறேன்'னு சொல்லுவா. நான் ஏதோ விளையாட்டாச் சொல்றான்னு..."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். மெக்கானிக் காலியான மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஞாயிறும், கால் மணி நேரம் முன்பாக, இதை விட்டுவிட்டுத்தான் அவர் வெளியே ஓடியிருக்கிறார்.

அவர் வெளியே வந்தபோது கூட்டம் கரைந்திருந்தது. மாலை வெயில் படிகளில் சாய்வாகக் கிடந்தது. வாசலுக்கு நேரே, சரியாக அதே இடத்தில், அவருடைய பழைய வண்டி நின்றது. இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தபடி மகள் அவரைத் தேடிக்கொண்டிருந்தாள். முகம் முகமாகப் பார்த்து, இல்லை இல்லை என்று விலக்கி, அவரைக் கண்டதும் அந்தத் தேடல் அவள் முகத்தில் அடங்கியது.

அவர் மேல்படியிலேயே நின்றுவிட்டார். இந்தப் படியிலிருந்து அவர் அந்த வண்டியைப் பார்த்ததே இல்லை.

"என்னப்பா அங்கயே நின்னுட்டீங்க? எவ்வளவு நேரம்தான் கதவைப் பிடிச்சிட்டே நிக்கறது? இதை உள்ளேர்ந்து திறக்கற மாதிரி எப்பதான் சரிபண்ணப் போறீங்க?"

"பாக்கறேன், பாக்கறேன்."

அவர் இடப்பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். மகள் வெளியிலிருந்து கதவைச் சாத்தினாள். வண்டி நகர்ந்ததும் அவர் வாயை மூடிக்கொண்டு முணுமுணுக்கத் தொடங்கினார். அது சரியாக வரவில்லை. எந்தக் கைப்பேசியும் அதைக் கண்டுபிடிக்காது. ஆனால் உள்ளே அது முழுதாக ஓடிக்கொண்டிருந்தது. மகள் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு சாலையைப் பார்த்தே ஓட்டினாள். முதல் சிக்னல் போயிற்று, இரண்டாவதும் போயிற்று.

மூன்றாவது சிக்னலில் சிவப்பு எரிந்தது. அவர் முணுமுணுப்பை நிறுத்தினார். யாரோ பேசட்டும் என்று இருப்பவரைப் போல அவர் சற்று நேரம் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு வயலின் பிரமாதம்" என்றார் பிறகு.

மகள் கியரை மாற்றினாள்.

"எனக்கு என்னப்பா தெரியும்? நீங்க சொன்னாச் சரி."