கெனாலுக்கு அடுத்த சொற்கள்

1974ஆம் ஆண்டு ஆடி மாதம் லோகாம்பாள் ஓர் ஆங்கிலச் சொல்லையும் அதன் பொருளையும் வாய்விட்டு வாசித்ததால் நெடுங்காட்டு வாய்க்காலில் தண்ணீர் வந்தது. முத்து முகம்மது கடையில் புளி மடித்துக் கொடுத்த தாள் அது. ஏதோ ஓர் அகராதியிலிருந்து கிழித்தது. அதிலிருந்த எட்டுப் பெயர்ச்சொற்களும் சி, ஏ, என் என்ற மூன்று எழுத்துகளில்தான் தொடங்கின. ஒன்பதாவது வரை படித்திருந்த லோகாம்பாள் புளியைப் பானையில் போட்டுவிட்டு முதல் வரியை வாசித்தாள்: கெனால், வாய்க்கால். நாற்றங்கால் வெடித்துக் கிடந்த ஊரில் அரை மணி நேரத்தில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. அது முதலில் பாய்ந்தது அவள் கணவன் தங்கையனின் வயலில். மேலே மதகு பூட்டியே இருந்ததைக் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்காரர்கள் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் இரண்டாவது சொல்லை வாசித்தாள்: கெனரி, மஞ்சள் குருவி. பதினேழு குருவிகள் வந்து அவள் வீட்டு உத்தரத்திலேயே தங்கிவிட்டன. வாசித்தவர் வீட்டுக்குத்தான் பொருள் வந்து சேரும் என்று ஊருக்கு விளங்கியது. தண்ணீருக்கு முறை வைப்பதுபோல இதற்கும் முறை வைத்தார்கள்: வீட்டுக்கு ஒரு சொல், வரிசை தப்பக் கூடாது. மூன்றாவது சொல் நீலகண்டன் வீட்டு முறை. அவன் மனைவி அல்லி தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். கேன்சர், புற்றுநோய். மனசுக்குள்தான் படித்தாள், தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை.

தாள் பிள்ளையார் கோயில் பெட்டியில் ஒன்பது வருஷம் கிடந்தது. அந்தச் சொல்லைத் தாண்டி வாசித்தாலும் எதுவும் வரவில்லை, முதல் சொல்லையே மறுபடி வாசித்தாலும் வரவில்லை. கடைசி வயல் பாய்ந்த பிறகுதானே முறை முதல் வயலுக்குத் திரும்பும்? 1983இல் இரண்டாவது வருஷமாகத் தண்ணீர் இல்லை. கிணறுகள் உப்பாகி, பாதி ஊர் மூட்டை கட்டியது. நீலகண்டனுக்கு அதற்குள் மூன்று குழந்தைகள். அவனிடம் போய்க் கேட்க ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் லோகாம்பாள்தான் கோயிலுக்குக் கிளம்பினாள்.

"அது நீலகண்டன் வீட்டு முறை. நீ ஏன் போற?" என்றான் தங்கையன்.

"மொதத் தண்ணி நம்ம வயலுலதானங்க பாஞ்சுது," என்றாள்.

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இரு, நானும் வர்றேன்," என்றான்.

துண்டு நிலக்காரர் இருவர் ஒரு முறையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வது அங்கே வழக்கம். தங்கையனுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல் ஒன்பது வருஷத்தில் ஊருக்கே மனப்பாடம். லோகாம்பாள் வாயெடுத்தபோது அவனும் தாளில் விரல் வைத்துக் கூடவே சொன்னான். இருவருக்கும் பயமாகத்தான் இருந்தது. மற்ற வீட்டுக்காரர்கள் உச்சிப்பொழுதுக்குள் மிச்சத்தை வாசித்து முடித்தார்கள். செல்லையன் கொல்லையில் ஒரு வேட்பாளர் மாலையோடு வந்து நின்றார்; ஓட்டு எதுவும் கேட்கவில்லை. மெழுகுவர்த்தி, பிரம்பு, ஓடம், விதானம் எல்லாம் அந்தந்த வீட்டுக்கு வந்தன. பிறகு எல்லாரும் சேர்ந்து முதல் சொல்லை வாசிக்க, தண்ணீர் வந்தது. இன்னொரு சுற்று வேண்டாமென்று தாளை அந்தத் தண்ணீரிலேயே விட்டார்கள்.

அடுத்த வருஷம் காரைக்கால் டாக்டர் இருவரையும் படம் எடுத்துப் பார்த்தார். ஆளுக்குப் பாதிக் கட்டி இருந்தது. வெட்டிய பக்கம் கத்தியால் அரிந்ததுபோல நேராக இருந்தது. இரண்டு படங்களையும் ஒட்டி வைத்தால் ஒரு முழுக் கட்டி. பாதி நோய்க்கு மருந்து இல்லை, சாவும் இல்லை என்று அவர் சொல்லி அனுப்பினார். வலி மட்டும் ஒரு ஆளுக்கு உரிய அளவுதான் இருந்தது. அதனால் முறை வைத்து வந்தது: விடிந்ததிலிருந்து உச்சிவரை லோகாம்பாளுக்கு, உச்சியிலிருந்து பொழுது சாயும்வரை தங்கையனுக்கு. தினமும் நடுப்பகலில் அவன் வயலிலிருந்து வந்து மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைப்பான்.

"எனக்கு வந்துடுச்சு, நீ எழுந்திரு," என்பான்.

அவள் எழுந்து பாயை அவனுக்கு விட்டுவிட்டு, முகம் கழுவி உலை வைப்பாள்.