ஞாயிற்றுக்கிழமைக் கடல்

ஆள் போகாத இடம்தான் வேண்டுமாம். கொழும்பிலிருந்து வந்து மாக்கிறட்டின் வீட்டில் தங்கியிருந்த இளம் சோடி அதையே திருப்பித் திருப்பிக் கேட்டது. கற்பிட்டிக்கு வருகிற எல்லாரும் டொல்பின் பார்க்கிறார்கள், எங்களுக்கு வேறு காட்டுங்கள் என்று ஒரே பிடி. வெளிக்கடலில், வற்று நேரத்தில் மட்டும் தலைகாட்டும் மணல்திட்டு ஒன்று இருந்தது. சண்டைக்காலம் முழுக்க அந்தப் பக்கம் போகத் தடை. இப்போதும் இந்த ஊர்ப் படகுகளைத் தவிர வேறு யாரும் அங்கே போவதில்லை.

மாக்கிறட்டின் புருஷன் செவஸ்தியான் தலையைச் சொறிந்தான். "நாளைக்கு ஞாயிறு. கடல்ல இறங்கக்கூடாதே."

"மீன் பிடிக்கத்தானே கூடாது? நீங்க இடம் காட்டத்தானே போறீங்க. அதுக்கெல்லாம் ஆண்டவர் கோவிக்க மாட்டார்," என்று அவன் வாயை அடைத்தாள் அவள். சட்டத்தரணியே தோற்றுப்போவார், அப்படி ஒரு வாய்.

விடியற்காலையில் போனவர்கள் பூசை மணி அடித்தும் திரும்பவில்லை. கடலைக் குழப்பும் கச்சான் காற்று வேறு அன்றைக்கு முன்கூட்டியே எழும்பிவிட்டது. மாக்கிறட் கரைக்கு ஓடினாள். ஊர்ப் படகுகள் அத்தனையும் மணலில் ஏறிக் கிடந்தன. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மற்ற நாளென்றால் எஞ்சின் நின்றாலும் பயமில்லை. துடுப்பில் சட்டையைக் கட்டித் தூக்கினால் போதும், போகிற வருகிற படகு ஏதாவது இழுத்துக்கொண்டு வரும். இன்றைக்கு யார் போகிறான், யார் வருகிறான்? ஐயோ, பாவி நானல்லவா அனுப்பினேன்!

செவஸ்தியானுக்குக் காய்ச்சல் என்று காலையில்தான் பங்குச் சாமியிடம் பொய் சொல்லியிருந்தாள். இப்போது பிரசங்கத்தின் நடுவில் கோயிலுக்குள் புகுந்து கத்தினாள்: "காய்ச்சல் பொய்! அவர் கடல்ல. நான்தான் அனுப்பினன். ஆராவது போங்க!"

சாமி வாய் திறக்குமுன், படகுகளுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கயித்தான் எழும்பிவிட்டார். "என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? போட்டை இறக்குங்க!" வெள்ளைச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்கள் ஓடினார்கள். பெண்கள் செபமாலையோடு கரையில் முழங்காலில் நின்றார்கள்.

மத்தியானம் தாண்டித்தான் கயித்தானின் படகு செவஸ்தியானின் படகை இழுத்துக்கொண்டு வந்தது. எஞ்சின் செத்து, நீரோட்டத்தில் ஆழக்கடலுக்கு இழுபட்டுக்கொண்டிருந்தார்களாம். பாதிப் படகு தண்ணீராம். மூன்று பேரும் கையால் அள்ளி இறைத்துக்கொண்டிருந்தார்களாம்.

அந்தக் கொழும்புப் பெட்டை இறங்கிய இடத்திலேயே வாந்தியெடுத்தாள். மண்ணில் கால் பட்டதும் பெடியனுக்கு மட்டும் குசால் வந்துவிட்டது. "அங்கிள், அந்த இடம் சும்மா சொல்லக்கூடாது! அடுத்த ஞாயிறு எங்கட ஒஃபிஸ் ஆக்களையும் கூட்டிக்கொண்டு வாறன்."

செவஸ்தியான் மனைவியைக் காட்டினான். "அவவைக் கேளுங்க தம்பி."

ஊரே மாக்கிறட்டைப் பார்த்தது.

"வாங்க மகன்," என்றாள். "சோறு போடுறன். வயிறாரச் சாப்பிட்டுட்டு, கரையில நிண்டு கடலைப் பாருங்க. இவரைத் தரமாட்டன்."

அவ்வளவுதான் அவளால் முடிந்தது. அத்தனை பேர் முன்னாலும் புருஷனின் விறைத்துப்போன கைகளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.