செவ்வாய்க்கிழமைகளில் ஒரு புள்ளி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது ஒரு கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. கைபேசி நம்மை எப்படியெல்லாம் ஆட்டிவைக்கிறது என்று காட்டமாக எழுதித் தரும்படி ஒரு பத்திரிகையில் கேட்டிருந்தார்கள். எழுதினேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு கைபேசியிடம் பேசினேன், அது எழுதிக்கொண்டது. "கண் விழித்ததும் கடவுள் படத்தைத் தேடிய கண்கள் இன்று எதைத் தேடுகின்றன?" என்று சொல்லி முடித்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது.

கீழ்வீட்டுத் தங்கபுஷ்பம் அக்கா. கையில் கைபேசி, திரையில் சென்னை வரைபடம்.

"தம்பி, நீங்க கத எழுதுற ஆளுதான? இந்தப் புள்ளி அங்க என்ன செய்யுதுன்னு கொஞ்சம் சொல்லுங்க."

பார்த்தேன். மந்தைவெளியில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்து. அதில் ஒரு சின்ன வட்டம், வட்டத்துக்குள் அவர் கணவர் நல்லசிவம் அண்ணாச்சியின் முகம். அக்கா அதைப் புள்ளி என்றுதான் சொல்வார்.

"இன்னைக்கு மூணாவது செவ்வாக்கிழம. அஞ்சு மணிக்குக் கடைய விட்டுப் போறாக. ஒரு மணி நேரம் இங்கனக்குள்ளயே நிக்காக. பொறவு ஒண்ணும் தெரியாத மாதிரி ஏழரைக்கு வீட்டுக்கு வாராக."

இதுவரை என்னிடம் யாரும் இவ்வளவு நேரடியாகக் கதை கேட்டதில்லை. கட்டுரை அன்றோடு நின்றது.

2

தொடக்கம் ஒன்று: மாநகரத்தின் மாலை நேர நெரிசலில், எண்ணற்ற மனிதர்களுக்கு நடுவே, ஒரு மனிதர்

(வேண்டாம். எண்ணற்ற மனிதர்கள் வரும் வாக்கியத்தில் எனக்கு வேண்டிய இரண்டு பேருக்கு இடம் இருக்காது.)

தொடக்கம் இரண்டு: புள்ளி துரைசாமி சுரங்கப்பாதைக்கு வந்ததும் தங்கபுஷ்பம் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார்.

இது நிற்கும். ஏனென்றால் இது நடப்பது. அண்ணாச்சிக்குத் தியாகராய நகரில், உஸ்மான் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் துணிக்கடை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மேற்கு மாம்பலத்தில் எங்கள் குடியிருப்புக்கு வந்தே இருபது வருடம் ஆகிறது. பெங்களூரில் இருக்கும் மகள் கீர்த்தி, போன தீபாவளிக்கு வந்தபோது அப்பா இருக்கும் இடம் அம்மாவின் கைபேசியில் எப்போதும் தெரிகிற மாதிரி செய்துவிட்டுப் போனாள். ஆபத்து அவசரம் என்றால் உதவும் என்று அவள் நினைத்தாள். அக்கா அதைத் தோசைக்குப் பயன்படுத்திக்கொண்டார். புள்ளி சுரங்கப்பாதையை அடைந்தால் கல் ஏறும், எங்கள் தெரு முனையில் திரும்பினால் மாவு ஊற்றப்படும். அண்ணாச்சி கைகால் கழுவி உட்காரும்போது தோசை ஆவி பறக்கும்.*

* சுரங்கப்பாதைக்குள் சில சமயம் புள்ளி அசையாமல் நின்றுவிடும். அந்த அரை நிமிடம் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார் என்று எழுத ஆசை. உண்மையில் அவர் அப்போது சட்னிக்குத் தாளிப்பார்.

3

இங்கே நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும்.

அக்கா கேட்ட அன்றே, அவரைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "யாராவது டாக்டரப் பாக்கப் போயிருப்பாங்க அக்கா" என்று சொல்லிவைத்தேன். நம்பும்படியாக ஒரு காரணம் சொல்ல வேண்டும் என்பது எழுதுகிறவனுக்குக் கைவந்த பழக்கம். கேட்கிறவர் அன்று ராத்திரி தூங்குவாரா என்று யோசிக்கிற பழக்கம் எனக்கு இன்னும் வரவில்லை.

ஒரு வாரம் அக்கா அண்ணாச்சியின் நகத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், அவர் படியேறும்போது மூச்சு வாங்குகிறதா என்று கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார். அறுபத்து மூன்று வயது ஆணுக்கு என்னென்ன வரும் என்று கைபேசியில் தேடினார். அது எல்லாமே வரும் என்றது.

"வேற எதுவும் சந்தேகமா அக்கா?" என்று இழுத்தேன்.

"சீச்சீ, அது இல்ல. அதுக்கெல்லாம் ஆளு கொஞ்சம் வெரசலா நடக்கணும்" என்றார். சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "நேத்து நேராவே கேட்டுட்டேன் தம்பி. செவ்வாக்கிழம சாய்ந்தரம் எங்க போனீகன்னு. கடையிலதான் இருந்தேன்னு சொல்லுதாக. முப்பத்தஞ்சு வருசத்துல எங்கிட்ட பொய்யே சொன்னதில்ல. எங்க வேணும்னாலும் போகட்டும். பொய் எதுக்குச் சொல்லணும்?"

டாக்டர் கதையை மறுபடி எடுத்தேன். அக்கா கையமர்த்தினார்.

"வார செவ்வாக்கிழமயும் பொறுத்துக்கிடுதேன். அதுக்கடுத்த செவ்வாயும் போனாகன்னா நானே நேருல போயி நிப்பேன். நின்னு பாத்துட்டு அப்படியே கீர்த்தி வீட்டுக்குப் போயிருவேன்."

அன்று அண்ணாச்சிக்கு ஆறிய தோசை. புள்ளி சுரங்கப்பாதைக்கு வருமுன்பே சுட்டு, மூடி வைத்துவிட்டார். அண்ணாச்சி ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டாராம்.

(இந்த இடத்தில் கைபேசியால் குடும்பங்கள் எப்படிச் சிதைகின்றன என்று நாலு வரி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். புள்ளி என்ன பாவம் செய்தது? அது இருக்கிற இடத்தைத்தான் காட்டியது.)

4

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் மந்தைவெளிக்குப் போனேன். கதாசிரியன் கதாபாத்திரத்தைப் பின்தொடர்ந்து போவது கொஞ்சம் அநாகரிகம்தான். ஆனால் அக்காவின் தூக்கத்தைக் கெடுத்தது நான். மந்தைவெளியில் படித்து வளர்ந்தவன், அந்தச் சந்துக்கு வரைபடத்தில் வழி கேட்டுத்தான் போய்ச் சேர்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாதா கோயிலை ஒட்டி ஒரு சின்னக் கூடம். வாசல் பலகையில் சாக்பீஸ் எழுத்து: மூத்தோருக்குக் கைபேசி வகுப்பு, செவ்வாய் மாலை 5.30, எல்லோரும் வரலாம். உள்ளே பன்னிரண்டு பேர். நடுவில் டோரதி டீச்சர், நாற்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். கடைசி பெஞ்சில் நல்லசிவம் அண்ணாச்சி.

"நல்லசிவம் சார், ஒரு விரல் போதும். ஆர்மோனியம் வாசிக்காதீங்க."

"சரி டீச்சர்."

பதினெட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளி, நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். 'முதலில் மேப்பைத் தொடவும். பிறகு புஷ்பம் படத்தைத் தொடவும்.' என்னைப் பார்த்ததும் நோட்டை மூடினார். வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

"கடையில எல்லாமே போனுலதான் நடக்கு தம்பி. எனக்கு ஒரு எழவும் தெரியாது. எதுனாலும் ஹரி கையில குடுத்து, கண்ணாடிய மறந்துட்டேன், நீயே பாருன்னு சொல்லிருவேன். நாலு வருசமா கண்ணாடிய மறந்துட்டுதான் இருக்கேன்." ஹரி அவருடைய தங்கை மகன், கடையைப் பார்த்துக்கொள்கிறவன்.

"கீர்த்தியக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா குடும்பக் குரூப்புல போட்டுருவா. மெட்ராசுல இருந்து நாங்குநேரி வரைக்கும் சிரிப்பாக."

"இப்ப எதுக்குத் திடீர்னு வகுப்பு, அண்ணாச்சி?"

ரயில் நிலையத்தின் தூண்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "புஷ்பம் என்னை நாள் பூரா பாக்கா. நான் எங்க நிக்கேன், எங்க திரும்புதேன்னு எல்லாம் அவளுக்குத் தெரியும். எனக்கும் அவளப் பாக்கணும்போல இருக்காதா? அதத்தான் டீச்சர் சொல்லிக் குடுக்காங்க."

"அக்கா வீட்டுலதான இருப்பாங்க. புள்ளி நகரவே நகராதே."

"நகராட்டா என்ன? அங்கன இருக்கான்னு தெரியும்லா."

அக்கா அவரைச் சந்தேகப்படுவதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த செவ்வாக்கிழம பாடம் முடிஞ்சிரும். டீச்சர் ஒண்ணு சொல்லிருக்காங்க, யாரையும் கேக்காம பாக்கக் கூடாதாம். அதனால இங்க இருந்தே அவளுக்கு ஒரு கோரிக்க அனுப்பி, அவ சரின்னு சொன்னாத்தான் தெரியும். புஷ்பம் கேட்டப்ப, அவ பாத்துருப்பான்னு தெரிஞ்சும், வெக்கத்துல கடையிலதான்னு வாயில வந்துட்டு. அதுவரைக்கும் ஒரு வார்த்த சொல்லிராதீங்க. நானாப் படிச்சு நானா அனுப்புனேன்னு அவளுக்குத் தெரியணும்."

வாக்குக் கொடுத்தேன்.

5

இனி முடிவு.

பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்த முடிவு எனக்குத் தெரியும். அக்காவின் கைபேசி தண்ணீர் வாளிக்குள் விழுந்துவிடும். இருவரும் திரையிலிருந்து கண்ணை எடுத்து, பல வருடங்களுக்குப் பிறகு முதல்முறையாக முகத்தோடு முகம் பார்த்து

பொய். அவர்கள் முப்பத்தைந்து வருடமாக முகத்தோடு முகம் பார்த்துப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பேச முடியாத பகல் முழுக்க ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ள ஒரு வழி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதில் எனக்குக் கோபம் வர மாட்டேன் என்கிறது. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. கட்டுரை வராததற்கு ஆசிரியர் மன்னிக்க வேண்டும்.

இன்னொரு முடிவு: நான் வாக்கை மீறி அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. பாதியாவது முயன்றேன். "கவலப்படாதீங்க அக்கா, ஒண்ணுமில்ல" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப உங்களுக்குத் தெரியும். நீங்களும் கூட்டு." அதன்பின் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

6

செவ்வாய்க்கிழமை ஐந்தேகாலுக்கு அக்கா என் வீட்டு வாசலில் நின்றார். பட்டுப்புடவை இல்லை, ஆனால் இஸ்திரி போட்ட புடவை. "ஆட்டோ வந்துட்டு. நீங்களும் வாங்க. தெரிஞ்ச ஆளு கூட இருக்கட்டும்."

ஆட்டோவைக் கைபேசியிலேயே வரவழைத்திருந்தார். ஓட்டுநர் பெயர் வாஜித். ஆழ்வார்பேட்டையில் சிக்கி, கூடத்து வாசலுக்கு வரும்போது ஆறே கால். அக்கா இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே பலகையைப் படித்தார். பிறகு கூடத்து ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். கடைசி பெஞ்சில் குனிந்த தலை, பக்கத்தில் டோரதி டீச்சர்.

"இதுக்கா?" என்றார் மெதுவாக. "படிக்கவா வந்தாக?"

நான் தலையாட்டினேன். அக்காவின் கண் நிறைந்துவிட்டது. முந்தானையை எடுப்பதற்குள் கையிலிருந்த கைபேசி அதிர்ந்தது.

நல்லசிவம் உங்கள் இருப்பிடத்தைப் பார்க்க விரும்புகிறார்.

கீழே இரண்டு பொத்தான்கள். அனுமதி. மறு.

அக்கா இரண்டு தடவை படித்தார். முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது. கல்யாணமான புதிதில் இப்படித்தான் சிரித்திருப்பார் என்று நினைத்தேன். கட்டைவிரல் 'அனுமதி'க்கு மேலே போய், அங்கேயே நின்றது.

"தம்பி. இப்ப அமுக்குனா நான் எங்க இருக்கேன்னு காட்டும்?"

"இங்கதான் அக்கா. அண்ணாச்சி புள்ளிக்கு ஒட்டுனாப்புல."

"அப்ப நான் வேவு பாக்க வந்தது தெரிஞ்சிரும்."

"தெரியும்."

"வீட்டுக்குப் போயி அமுக்குனா?"

"வீட்டுல இருக்கிறதாத்தான் காட்டும்."

அக்கா யோசிப்பது எனக்குப் புரிந்தது. வீட்டுக்குப் போய் அமுக்கினால் அண்ணாச்சிக்கு ஆசைப்பட்டது கிடைக்கும், அசையாமல் வீட்டில் இருக்கும் புஷ்பம். 'சாய்ந்தரம் வீட்டுலதான் இருந்தேன்' என்று ஒரே ஒரு வார்த்தைதான் அக்கா சொல்ல வேண்டியிருக்கும். ஒரு சின்னப் பொய், இதுவரை சொல்லாதது. இங்கேயே அமுக்கினால் பொய் வேண்டாம், ஆனால் தன்னை நம்பாமல் மனைவி வாசல்வரை வந்தாள் என்பது, அவர் தாமாகப் படித்துத் தொட்ட முதல் திரையிலேயே தெரியும்.

"யக்கா, எறங்கிறியா இல்லியா?" என்றார் வாஜித். "பின்னால தண்ணி லாரி வந்துகினு கீது."

உள்ளே டோரதி டீச்சர் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். அண்ணாச்சி கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நோட்டில் இதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை போலிருக்கிறது. எனக்கும் அப்படித்தான்.

அக்கா என்னைப் பார்த்தார். இந்த இருவரில் யாருக்கும் துரோகம் செய்ய எனக்கு மனமில்லை, அதனால் நான் உங்களைப் பார்க்கிறேன். லாரி ஹாரன் அடிக்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள், இங்கேயே அமுக்கட்டுமா?