வெதுப்பகங்கள் நகர்ந்த அளவு

ஆழ்வாப்பிள்ளையின் வெதுப்பகம் ஐந்து வருடங்களில் ஒன்பதடி இரண்டு அங்குலம் நகர்ந்து வீதிக்கு வந்தது. அதே காலத்தில் பாண் விலை ஏறியது, பிறகு கொஞ்சம் இறங்கியது. வெதுப்பகம் மட்டும் பின்னுக்குப் போகவேயில்லை. நெல்லியடிக்குக் கிழக்கே, வீதியின் மறுபக்கம் நேரெதிரே இருந்த சிவகௌரியின் வெதுப்பகமும் நாலடி முன்னுக்கு வந்திருந்தது. சுவர் வெடிக்கவில்லை, பாண் சுடும் போறணை அணையவில்லை. மாத் தட்டுப்பாட்டு வருடத்தில்தான் இது தொடங்கியது. எதிர்க்கடையில் மா முடிந்துவிட்டதென்று கேள்விப்பட்ட ஆழ்வாப்பிள்ளை, அவள் கேட்காமலே அரை மூட்டை அனுப்பினார். மறுநாள் அவருடைய வாசற்படி அவள் பக்கமாக மூன்று அங்குலம் போயிருந்தது. சனம் ஒரு கிழமை வாய் பார்த்தது, பிறகு பாண் வாங்கப் போனது. இத்தனைக்கும் இருவரும் கீரியும் பாம்பும். அவர் காலையில் ஐந்து ரூபாய் குறைத்தால் அவள் மத்தியானம் பத்து ரூபாய் குறைப்பாள்.

வீதிக் கந்தோரிலிருந்து ஜெயனி என்ற உத்தியோகத்தர் மாதாமாதம் அளவுநாடாவோடு வந்தாள். கெட்டிக்காரி. கேட்டு வாங்கிய உதவிக்குக் கடை அசைவதில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். தன் கண்முன்னே உதவி செய்து காட்டச் சொன்னாள். ஆழ்வாப்பிள்ளை முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஒரு தட்டு முட்டையை எதிர்க்கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு நூல்கூட நகரவில்லை. ஆனால் சிவகௌரியின் பாண் ஓட்டோ மழைச் சேற்றில் புதைந்தபோது, ஒருவரும் சொல்லாமல் போய்த் தள்ளிவிட்டாரே, அதற்கு ஓரங்குலம் இரண்டு நூல். எல்லாம் கோப்பில் இருக்கிறது.

வீதி ஒடுங்கிக்கொண்டு போனதால், கந்தோர் அவருடைய சுவருக்கு ஓரங்குலம் முன்னே வெள்ளைக்கோடு போட்டது. கோட்டைத் தாண்டினால் இடிப்பு. இடம்பெயர்ந்து திரும்பி வந்து, தன் கையாலேயே செங்கல் அடுக்கிக் கட்டிய போறணை அது. அறுபத்துமூன்று வயதில் அவருக்கு வேறு தொழிலும் இல்லை.

“ஐயா, இனி அங்காலை ஒண்டும் செய்யாதேங்கோ” என்றாள் ஜெயனி.

“எனக்கென்ன விசரே? அவ என்ரை போட்டிக்காரியெல்லோ.”

மனுசன் ஏழு மாதம் கல்லாக இருந்தார். எதிர்க்கடையில் ஈஸ்ட் முடிந்தபோது மற்றப் பக்கம் திரும்பி நின்றார், அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு ஒரு தை மாத மத்தியானம் சிவகௌரியின் போறணை வளைவு இடிந்து விழுந்தது. நானூறு பாணுக்குக் குழைத்த மா பொங்கி வழிய, அவள் தலையில் கைவைத்து அழுதுகொண்டு நின்றாள். ஆழ்வாப்பிள்ளை வீதியைக் கடந்து போய் முதல் தட்டைத் தூக்கினார்.

“ஐயோ அண்ணை, வேண்டாம்! உங்கடை கடையெல்லோ போயிடும்!”

“மா பொங்குது பிள்ளை. கதைக்க நேரமில்லை. தூக்கு.”

நானூறு பாணும் அவருடைய போறணையில் வெந்து முடிந்தபோது, சுவர் கோட்டைத் தாண்டி ஓரடி நின்றது. இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை இடிப்பு.

அதற்குள் சிவகௌரி புதுப் போறணை கட்டியிருந்தாள். வியாழக்கிழமை காலை, யாரும் கேட்காமல், தன் கடையில் பாதியை ஒழித்துக் கழுவினாள். வேலையாட்களோடு வந்து ஆழ்வாப்பிள்ளையின் மாத்தொட்டியையும் தட்டுகளையும் தன் கடைக்குள் சுமந்தாள். “அந்தப் பாதி உங்களுக்கு அண்ணை. நாளையிலையிருந்து என்ரை போறணையிலையே சுடுங்கோ” என்றாள். அவர் தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். கடைசித் தட்டு உள்ளே போனதும் அவளுடைய வெதுப்பகம் விறகுக் குவியலோடு பதினோரடி நகர்ந்து வந்து அவருடைய சுவரோடு ஒட்டி நின்றது. வாசலோடு வாசல் பொருந்தியது.

வெள்ளிக்கிழமை ஜெயனி நாடாவைப் பிடிக்க இடமில்லாமல் நின்றாள். வெள்ளைக்கோடு ஆழ்வாப்பிள்ளையின் தரைக்குக் கீழே, மிச்ச வீதி சிவகௌரியின் தரைக்குக் கீழே போய்விட்டது. “இவ்விடத்தில் வீதி இல்லை. ஆகவே வீதியை மறித்த குற்றமும் இல்லை” என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். பஸ் அன்றே ஆழ்வாப்பிள்ளையின் விறகுக் கொட்டிலுக்குப் பின்னால் சுற்றிப் போகத் தொடங்கியது. இடிக்க வந்த பெக்கோ மிசின்காரன் இறங்கி வந்து, இரண்டு பணிஸ் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பிப் போனான். அதை யாருடைய கடையில் வாங்கினான் என்று இருவரும் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள்.